சொல்லித் தொலையேன்டி!

“ஏன்டி, அந்த மனுஷன் மூஞ்சியப் பாத்தாவது சொல்லித் தொலையேன்டி!”

சத்தம் போடுவது என் மாமியார். வயது எழுபத்திரண்டு. மடியில் இட்லித் தட்டு, காலடியில் தண்ணீர்ச் சொம்பு, எதிரே டிவி. திட்டு வாங்குவது ரோகிணி, விஜய் டிவியின் ‘சிறகடிக்க ஆசை’ தொடரில் வரும் மருமகள். ரோகிணி திரையில் வந்துவிட்டால் அத்தையின் கை இட்லியிலேயே நின்றுவிடும், சட்னி காய்ந்துபோகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிக்கிற பாவனையில் பார்ப்பேன். சீரியல் பார்ப்பதை வெளியே ஒப்புக்கொள்ளாத தலைமுறை என்னுடையது. ஆபீஸில் யாராவது கேட்டால் “மாமியார் பாப்பாங்க, காதுல விழும்” என்று சொல்லிவிடுவோம். காதில் மட்டும் விழுந்தவளுக்கு, மனோஜ் தொலைத்த பணம் 27 லட்சம் என்பது எப்படித் தெரிந்ததாம்?

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2023 ஜனவரியில் தொடங்கிய தொடர். அண்ணாமலை, விஜயா தம்பதிக்கு மூன்று பையன்கள். மூத்தவன் மனோஜ் படித்தவன், அம்மா செல்லம். அப்பா ரிட்டயர்டு ஆனபோது வந்த பணத்தைச் சுருட்டிக்கொண்டு, கல்யாணத்தன்றைக்கு ஓடிப்போகிறான். அவனுக்குப் பார்த்திருந்த மீனா பூக்கட்டி விற்கிற வீட்டுப் பெண். அவளை கார் ஓட்டும் இரண்டாவது மகன் முத்து கட்டிக்கொள்கிறான். பணத்தைக் காதலியிடம் ஏமாந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும் மனோஜுக்கு அமைகிறவள்தான் ரோகிணி. மலேசியாவில் கோடீஸ்வர அப்பா என்று சொல்லிக்கொண்டு வருகிறாள். மலேசியாவும் பொய், கோடியும் பொய். அதற்கும் மேலே, அவளுக்கு ஏற்கெனவே கல்யாணமாகி ஒரு பையன் வேறு இருக்கிறான். பேர் கிரிஷ். அவளுடைய அம்மாவிடம் வளர்கிறான்.

முத்துவும் மீனாவும் வரும் பகுதிகளை நான் எந்தக் கூச்சமும் இல்லாமல் பார்ப்பேன். வெற்றி வசந்த், கோமதி பிரியா இரண்டு பேருமே நன்றாகச் செய்கிறார்கள். கோமதி பிரியா அழும்போது அழகாகத் தெரிய வேண்டும் என்று கவலைப்படுவதே இல்லை. மூக்கை உறிஞ்சுவார், குரல் பிசிறும். பூ என்ன விலை, சவாரி எத்தனை கிடைத்தது, டியூ எப்போது கட்ட வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது சீரியலில் அபூர்வம். நம் தொடர்களில் பெரும்பாலான வீடுகளில் எல்லோரும் பட்டுப்புடவையில் காலை காபி குடிப்பார்கள். யார் சம்பாதிக்கிறார்கள் என்று ஆயிரம் எபிசோடு பார்த்தாலும் தெரியாது. இங்கே தெரிகிறது.

ஆனால் தொடரை ஓட்டுவது அந்தப் பூவோ காரோ கிடையாது. ரோகிணியின் பொய்தான். கறிக்கடைக்காரர் ஒருவரைக் கூட்டிவந்து மலேசியா மாமா என்று நிறுத்தி வைத்த நாட்களில் வாய்விட்டுச் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. இருந்தாலும் அந்த மலேசியா பொய் ஒன்று உடையவே ஏறக்குறைய இரண்டு வருடம். நமக்கு எல்லாம் தெரியும்; அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்று போனில் சத்தமாகப் பேசுவாள், முத்து வாசல்படி வரை வருவான், சரியாக அந்த நேரம் பார்த்து ஒரு சவாரி வந்துவிடும். அத்தை “போச்சு!” என்று தொடையில் தட்டிக்கொள்வார்.

‘பாக்கியலட்சுமி’யும் இதே வித்தைதான். 2020 ஜூலையில் ஆரம்பித்தார்கள். வங்காளத்தில் ‘ஸ்ரீமோயி’ என்று வந்த கதை. இந்தியில் அதுதான் ‘அனுபமா’. நாயகி பாக்கியாவின் புருஷன் கோபி, கல்லூரிக் காதலி ராதிகாவோடு மறுபடி பழகுகிறான். பாக்கியாவுக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற தைரியத்தில் விவாகரத்துப் பேப்பரிலேயே அவளிடம் கையெழுத்து வாங்குகிறான். இது அவளுக்குத் தெரியவரக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் பிடித்தது. நடுவில் கொரோனா இரண்டு அலை வந்துபோனது. என் பெண் ஆன்லைன் வகுப்பை முடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டாள். பாக்கியா மட்டும் “என்னங்க, காபி எடுத்துட்டு வரட்டுமா?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு உண்மை தெரிந்து, வீட்டில் நின்று கோபியைக் கேள்வி கேட்ட எபிசோடுகளை மட்டும் குறை சொல்லமாட்டேன். பாக்கியாவாக வந்த சுசித்ரா குரலை உயர்த்தாமலே கேட்டார். எதிரே கோபியாக நின்ற சதீஷ் இன்னும் ஒருபடி மேல். மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளையின் திமிரும் அசடும் ஒரே முகத்தில். சின்னத்திரையில் அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அன்றைக்கு முடித்திருந்தால் கோயில் கட்டியிருப்பேன். முடிப்பார்களா? 2025 ஆகஸ்ட் வரை இழுத்தார்கள். பின்பாதியில் பாதி நாள் நான் நிஜமாகவே துணிதான் மடித்தேன்.

ஏன் இழுக்கிறார்கள் என்பதும் தெரியாததல்ல. நாடு முழுக்கச் சில பத்தாயிரம் வீடுகளில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் ‘பார்க்’ (BARC) மீட்டர் மாட்டியிருக்கிறது. வியாழக்கிழமை ரேட்டிங் வந்துவிடும். ரகசியம் உடையப்போகிறது என்று காட்டும் வாரம் டிஆர்பி ஏறும். உடைந்துவிட்டால் அடுத்த மாதம் எதைக் காட்டுவது? அதனால் உடைவதுபோலக் காட்டி ஒட்ட வைப்பார்கள். புரோமோவில் பளார் என்று அறை விழும், இடி இடிக்கும், குடும்பமே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கும். நாமும் பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால், ரோகிணி வியர்த்துப்போய்ப் படுக்கையிலிருந்து எழுந்திருப்பாள். கனவாம்! இந்தக் கனவை எத்தனை தடவை கண்டுவிட்டாள் என்று அத்தை கணக்கு வைத்திருந்தார். பிறகு விட்டுவிட்டார்.

இந்த ஏமாற்றத்தில் இருக்கிற ஆளுக்கு பிக் பாஸ் ஒரு மருந்து என்பது என் துணிபு. 2017 ஜூன் மாதம் அது தமிழில் தொடங்கியபோது, அடுத்தவன் வீட்டு ஜன்னல் வழியாக எட்டிப்பார்ப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று சலித்துக்கொண்டவள் நான். அப்புறம் அந்தக் குறும்படம் வந்தது. போட்டியாளர் ஓவியாவைப் பற்றி வீட்டுக்குள் ஒருவர் ஒரு விஷயத்தை அடித்துச் சொல்ல, வாரக்கடைசியில் கமல் வந்து, நடந்தது என்ன என்ற கேமரா பதிவை எல்லோர் முன்னாலும் ஓடவிட்டார். சில விநாடி வீடியோதான். அத்தை எழுந்தே நின்றுவிட்டார். நமக்கு மட்டும் தெரிந்தது, கடைசியில் உள்ளே இருக்கிறவர்களுக்கும் தெரிந்துவிட்டது! சீரியலில் இரண்டு வருடம் காத்துக்கிடந்து பெற வேண்டிய பாக்கியம், இங்கே வாராவாரம். இப்போது எங்கள் தெருவில் குழாயடிச் சண்டையில்கூட “குறும்படம் போட்டுக் காட்டவா?” என்கிறார்கள்.

வைல்டு கார்டு எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். ஏழாவது சீசனில் அர்ச்சனா பாதியில் உள்ளே போனார். ‘ராஜா ராணி’ இரண்டாம் பாகத்தில் வில்லியாக வந்து அத்தையிடம் ஏகப்பட்ட சாபம் வாங்கியவர். உள்ளே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் மட்டும் பார்த்தார்கள். இவர் அத்தனை பேரையும் டிவியில் பார்த்துவிட்டுப் போனவர். நம்மில் ஒருத்தி கண்ணாடிக்கு அந்தப்பக்கம் போய் நின்றதுபோல இருந்தது. முதல் வாரம் அழுதுகொண்டே இருந்தார். 2023 நவம்பரில் பிரதீப் ஆண்டனிக்கு ரெட் கார்டு கொடுத்து அனுப்பியபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அந்த விஷயத்தை அர்ச்சனா உள்ளே இருந்தே எதிர்த்துக் கேட்டார், அதோடு ஆட்டம் மாறிவிட்டது. தமிழ் பிக் பாஸில் வைல்டு கார்டாகப் போய் ஜெயித்த முதல் ஆள் அவர்தான். வில்லிக்குச் சாபம் கொடுத்த அதே வாயால் அத்தை, “பாவம், நல்ல பொண்ணு” என்றார். ஓட்டு மட்டும் என் போனிலிருந்து.

தொகுப்பாளர் பற்றி ஒரு வார்த்தை. கமல் பேசினால் நீளும், நடுவில் புத்தகம் ஒன்றைப் பரிந்துரைப்பார், அத்தைக்கு அந்த இடத்தில் தூக்கம் வரும், எனக்கு அந்த இடம்தான் பிடிக்கும். 2024 அக்டோபரில் விஜய் சேதுபதி வந்தார். முகத்துக்கு நேரே கேட்கிறார், நல்லது. ஆனால் எதிராளி பதிலைத் தொடங்கும்போதே அடுத்தவரிடம் போய்விடுகிறார். கேள்விக்கு மட்டும் கைத்தட்டல் வாங்கிக்கொண்டு பதிலைக் கேட்காமல் போனால் எப்படி? அந்த எட்டாவது சீசனை நான் விடாமல் பார்த்ததற்குக் காரணம் போட்டியாளர் முத்துக்குமரன் பேசிய தமிழ். காரைக்குடிப் பக்கத்துப் பையன், கோபப்பட்டாலும் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் கோபப்படுவார்.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். ரோகிணி பொய் என்பது தெரிந்தே அவளை நம்புகிறேன். பிக் பாஸ் நிஜம் என்று சொல்வதால் ஒவ்வொரு நொடியும் சந்தேகப்படுகிறேன். இருபத்துநாலு மணி நேரத்தை வெட்டி ஒன்றரை மணி நேரமாக்கும்போது யாரை வில்லனாக்குவது என்பது வெட்டுகிறவர் கையில். ஹாட்ஸ்டாரில் நாள் முழுக்க லைவ் விட ஆரம்பித்த பிறகு இது பளிச்சென்று தெரிந்தது. மதியம் லைவில் பார்த்த சிரிப்பு, இரவு எபிசோடில் நமட்டுச் சிரிப்பாகியிருக்கும். முன்னாலும் பின்னாலும் இருந்தவற்றை எடுத்துவிட்டால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். குறும்படத்துக்கே ஒரு குறும்படம் போட வேண்டிய நிலைமை.

(‘குக் வித் கோமாளி’ இந்தக் கணக்கிலேயே வராது. அதில் மறைக்க ஒன்றுமில்லை. குழம்பு கருகினால் கருகியதுதான். ஊரடங்கு நேரத்தில் வந்த இரண்டாவது சீசனில் புகழும் சிவாங்கியும் எங்கள் வீட்டுக்குச் செய்த உபகாரத்துக்கு நன்றி. நடுவராக இருந்த வெங்கடேஷ் பட் போன பிறகு அதில் உப்பு குறைந்துவிட்டது.)

சரி, ரகசியமே இல்லாமல் தொடர் ஓடாதா? ஓடியதே. சன் டிவியில் 2022 பிப்ரவரியில் ‘எதிர்நீச்சல்’ வந்தது. ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம். ஆதி குணசேகரன் வீட்டில் நான்கு மருமகள்கள்: ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி. அந்த வீட்டில் யாருக்கும் எதுவும் தெரியாமல் இல்லை. அந்த ஆள் எப்படிப்பட்டவன் என்பது அடுப்படி முதல் வாசல் வரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே அவன் முன்னால் தலைகுனிந்து நிற்க வேண்டியிருக்கிறது. கதையின் பிடி அங்கே இருந்தது. அப்பத்தாவின் நாற்பது சதவீதப் பங்கு யாருக்கு என்று ஒரு இழுவை உண்டு, அதை விடுங்கள். நான் பார்த்தது சமையற்கட்டை. நான்கு பெண்கள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசுவார்கள். நந்தினியாக வந்த ஹரிப்பிரியா கொங்குத் தமிழில் கொழுந்தனையும் மாமியாரையும் சேர்த்து வாரும்போது, பக்கத்தில் என் மாமியார் இருக்கிறாரே என்று சிரிப்பை அடக்கிக்கொள்வேன். அவர் எனக்குமுன் சிரித்துவிடுவார். அவரும் ஒரு காலத்தில் மருமகள்தானே.

குணசேகரனாக வந்த மாரிமுத்துவைப் பற்றிச் சொல்லாமல் எதிர்நீச்சலைக் கடக்க முடியாது. சினிமாவில் ‘கண்ணும் கண்ணும்’, ‘புலிவால்’ இயக்கியவர். தேனிப் பக்கத்து மனிதர். “ஏ, இந்தாம்மா!” என்று அவர் கூப்பிட்டதைச் சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தன. கொடுமைக்காரனைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அப்புறம் ஏன் சிரித்தோம் என்று நினைக்க வைத்த நடிப்பு. அந்தக் குரலில் எனக்குத் தெரிந்த மூன்று பெரியப்பாக்கள் இருந்தார்கள். 2023 செப்டம்பர் 8 அன்று காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு. அன்று இரவு எங்கள் வீட்டில் டிவி போடவில்லை. அடுத்து எழுத்தாளர் வேல ராமமூர்த்தி குணசேகரனாக வந்தார். அவரிடம் மிரட்டல் இருந்தது, அந்த எகத்தாளம் இல்லை. அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. “இவருக்குப் பதில் இவர்” என்று திரையில் எழுத்துப் போட்டால் ஏற்றுக்கொண்டு பழகியவர்கள்தான் நாம். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாக வந்த சித்ரா இறந்த பிறகு புதிதாக வந்த முல்லையையும் இப்படித்தான் ஏற்றுக்கொண்டோம். குணசேகரனை மட்டும் முடியவில்லை. 2024 ஜூனில் தொடரை முடித்தார்கள். டிசம்பரில் ‘எதிர்நீச்சல் தொடர்கிறது’ என்று மறுபடி வந்தது. அத்தை பார்க்கிறார். நான் நிஜமாகவே காதில் மட்டும் கேட்கிறேன்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2023-இல் ‘சிறகடிக்க ஆசை’யில் ஒரு கட்டம். மனோஜுக்கு வேலை போய்விடும். வீட்டில் சொல்லமாட்டான். காலையில் டை கட்டிக்கொண்டு கிளம்பிப்போய்ப் பார்க்கில் உட்கார்ந்திருப்பான். அத்தை கைகொட்டிச் சிரித்த நாட்கள் அவை. நான் மட்டும் துணியிலிருந்து தலையை எடுக்கவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் என் கணவருக்கு வேலை போயிருந்தது. ஆட்குறைப்பு என்று ஒரு வெள்ளிக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள், பதினான்கு வருட வேலை. அம்மாவுக்குப் பிரஷர் இருக்கிறது, வேறு வேலை கிடைத்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றார். நானும் சரி என்றேன். தினமும் வழக்கம்போல எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு கிளம்புவார். பார்க் இல்லை, நூலகம். மின்விசிறி இருக்கும், பேப்பர் இருக்கும், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள்.

மூன்று மாதம். வேறு கம்பெனியில் சம்பளம் குறைவாக ஒரு வேலை அமைந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாக அத்தை முன்னால் போய் உட்கார்ந்தோம். இவர் தொண்டையைச் செருமினார். நான் தண்ணீர்ச் சொம்பைப் பக்கத்தில் எடுத்து வைத்தேன். இடி இடிக்கும், மூன்று முகத்தையும் மூன்று தடவை காட்டுவார்கள் என்று எனக்குள் ஒரு பின்னணி இசையே ஓடியது.

“வேலை போனதுதானே? தெரியும்டா. கெடச்சுதா இல்லியா, அதச் சொல்லு.”

எப்படித் தெரியும் என்று கேட்டோம்.

“டிபன் பாக்ஸ் கழுவி வந்துச்சே. ஆபீஸ் போற காலத்துல என்னைக்காவது கழுவிக் கொண்டாந்திருக்கியா நீ?”

நூலகத்துக்குப் பின்னால் ஒரு குழாய் இருக்கிறதாம். நேரமும் இருந்திருக்கிறது. கழுவியிருக்கிறார். அது எனக்கு உறைக்கவே இல்லை. தினமும் அந்த டப்பாவை வாங்கி அலமாரியில் வைத்தவள் நான்தான். ‘சொல்லித் தொலையேன்டி’ என்று டிவியைப் பார்த்துக் கத்தியவர், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் அத்தை கேட்கவில்லை என்றதற்கு, “நீங்களா சொல்லும்போது சொல்லட்டும்னு இருந்தேன். கேட்டா எம்புள்ள நாளைக்கு எங்க போய் உக்காருவான்?” என்றார். அப்புறம் ரிமோட்டைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அதிலிருந்து சீரியல் ரகசியங்கள் மேல் எனக்கு வேறு ஒரு கோபம். பொய் சொல்கிறார்கள் என்பதில் ஒன்றுமில்லை. எல்லா வீட்டிலும் சொல்கிறோம். ஆறேழு பேர் இருக்கிற வீட்டில் ஒருத்தருக்குமா தெரியாமல் போகும்? விஜயா மாதிரி காசிலேயே குறியாக இருக்கிற மாமியார், மலேசியாவிலிருந்து ஒரு போன் நேராகத் தனக்கு வரவில்லையே என்று ஒரு மாதத்தில் யோசித்திருக்கமாட்டாளா? தெரிந்தும் தெரியாததுபோல இருக்கிற ஒரு கிழவியை வைத்து ஆறு மாதம் கதை ஓட்டலாமே. முகத்துக்கு மூன்று தடவை ஜூம் போக வேண்டாம். அந்தக் கிழவி டப்பாவைத் திறந்து பார்ப்பதை மட்டும் காட்டினால் போதும். டிஆர்பி வருமா? வராதுதான்.

இவருக்கு இப்போது வேலை பரவாயில்லை. டிபன் பாக்ஸ் பழையபடி சாம்பார் காய்ந்து ஒட்டி நாறிக்கொண்டு வருகிறது. முன்பெல்லாம் அதற்கு அத்தையிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். இப்போது அத்தை திறந்து பார்க்கிறார், ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் ஊற்றி ஊறவைக்கிறார், வந்து டிவி முன்னால் உட்கார்கிறார்.